பாடபேதம் வேறு, மறதி வேறு

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளில் முன்னுக்குப் பின் முரண் பார்ப்பது வெட்டி வேலை என்ற கருத்து இன்று கேள்வியில்லாமல் நிலைத்துவிட்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் நான் இதைப் பற்றிப் பேசிய ஆசிரியர்கள், இலக்கிய வாசகர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சொற்களில் அதைச் சொன்னார்கள். அது தவறான கருத்து. நம் கதை மரபைச் சாட்சிக்கு இழுத்துவந்து, அந்த மரபையே சிறுமைப்படுத்தும் கருத்தும்கூட.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன்.

ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்துவந்த உருமாறும் பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ உரிமம் பெற்று, 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் கதையும் மார்வெல் நிறுவனத்தில் எழுதப்பட்டன. அதே ஆண்டிலேயே காமிக்ஸ் ஒரு வழியில் போனது, தொலைக்காட்சிக் கார்ட்டூன் இன்னொரு வழியில் போனது. 1987-ல் அமெரிக்கா கார்ட்டூனின் கடைசிக் கதையை மூன்றே பகுதிகளில் முடித்துக்கொண்ட இடத்தில், ஜப்பான் அந்த முடிவை விட்டுவிட்டு ‘ஹெட்மாஸ்டர்ஸ்’ என்று தனித்தொடரே எடுத்தது. பிறகு ‘பீஸ்ட் வார்ஸ்’, ‘அர்மாடா’, 2007 முதல் பெரிய திரைப்படங்கள். இத்தனை நாட்டில், இத்தனை பேர், நாற்பது ஆண்டுகளாக எழுதிய கதையில் ஒரே வரலாற்றை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கிறார்கள்.

அவர்களுடைய வலுவான வாதம் இதற்கு அடுத்தது. நாம் முந்நூறு ராமாயணங்களின் மண்ணைச் சேர்ந்தவர்கள், ஏ.கே. ராமானுஜனின் கட்டுரை அதைத்தான் சொல்கிறது. சித்தூர்ப் பக்கம் தருமராஜா கோயில்களில் நடக்கும் பாரதத்தில் வியாசர் எழுதாத எத்தனையோ நடக்கின்றன. யாராவது எழுந்து நின்று ‘இது மூலத்தில் இல்லை’ என்று கூத்தை நிறுத்துகிறார்களா? அப்படியிருக்க, ஒரு ரோபோ எந்த ஆண்டு பூமிக்கு வந்தது என்று கணக்குக் கேட்பது நமக்கு ஒவ்வாத கறார் அல்லவா? பொம்மை விற்க எழுதிய கதைக்கு இத்தனை வழக்கு எதற்கு?

கேட்க நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நிற்கவில்லை.

1. ஒரே வரலாறு வேண்டும் என்று கேட்டது யார்?

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதிலிருந்தே இந்தத் தரப்பின் பிழை தொடங்குகிறது. மார்வெல் காமிக்ஸில் இந்த ரோபோக்களின் பிறப்புக்கு மூலம் பிரைமஸ் என்ற கடவுள். கார்ட்டூனில் அவை குவின்டெசான்கள் என்ற வேற்றுக்கிரகத்தார் தொழிற்சாலையில் செய்த சரக்கு. இரண்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. இது பாடபேதம். இதைக் குறை சொல்பவரோடு நானும் சேரமாட்டேன்.

குறை ஒரே கதைக்குள் இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டிகான்கள் என்று ஆறு ரோபோக்கள், கட்டுமான வண்டிகளாக மாறுபவர்கள். கார்ட்டூனில் 1984-ல் ஒளிபரப்பான பகுதியில், அவர்களைப் பூமியின் குகைகளில் தானே செய்ததாக வில்லன்களின் தலைவன் மெகட்ரான் சொல்கிறான். 1985-ல் வந்த பகுதியில், அவர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே சைபர்ட்ரான் கிரகத்தில் நல்லவர்களாக வாழ்ந்து, பிறகு கெடுக்கப்பட்டவர்கள். 1986-ல் வந்த பகுதியில் மெகட்ரானையே அவர்கள்தான் செய்தார்களாம். ஒரே தொடர், ஒரே தயாரிப்பு, மூன்றே ஆண்டு. தகப்பன் பிள்ளையாகி, பிள்ளை தகப்பனாகிவிட்டான். இதற்குப் பன்மை என்று பெயர் வைத்தால், பன்மை என்ற சொல்லுக்குப் பொருளே போய்விடும்.

மைக்கேல் பே இயக்கிய ஐந்து படங்களைப் பாருங்கள். 2007 படத்தில் அரசாங்கம் ஒளித்து வைத்திருப்பது பனியில் உறைந்த மெகட்ரானையும் ஒரு கனசதுரத்தையும்தான்; அவற்றைச் சுற்றித்தான் முழு மர்மமும். 2009 படத்தில் கி.மு. 17,000-லேயே ரோபோக்கள் இங்கே வந்திருக்கின்றன. 2011 படத்தில் 1961-ல் நிலவில் ஒரு கப்பல் விழுந்து, அதைப் பார்க்கத்தான் மனிதன் நிலவுக்கே போகிறான். 2017 படத்தில் ஆர்தர் மன்னன் காலத்திலிருந்து ரோபோக்கள் மனிதரோடு இருக்கின்றன. பம்பிள்பீ என்ற ரோபோ இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டிருக்கிறது. பூமியே யூனிக்ரான் என்ற பகாசுர ரோபோவாக இருக்கிறது. படத்துக்கு ஒரு ரகசிய வரலாறு. முந்தைய படத்தில் அந்த ரகசியத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு அடுத்த படத்தின் ரகசியம் தெரிந்திருக்கவில்லை.

2. கம்பனை இந்த வழக்கில் சாட்சியாக அழைத்தால், அவன் யார் பக்கம் பேசுவான்?

வான்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனுக்கு அது ஒப்பவில்லை. குடிசையோடு, நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போனதாக மாற்றினான். பாடபேதத்துக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் இது. அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பிறகு நடப்பதைப் பாருங்கள். கம்பனின் சீதை அசோகவனத்தில் எங்கே இருக்கிறாள்? இலக்குவன் புல்லால் கட்டிய அதே குடிசையில். அனுமன் இலங்கையிலிருந்து திரும்பிவந்து ராமனிடம் அதைத்தான் சொல்கிறான். ஆரணிய காண்டத்தில் பெயர்த்தெடுத்த குடிசையைச் சுந்தர காண்டத்திலும் கம்பன் மறக்கவில்லை. இடையில் ஒரு காண்டம் முழுக்கக் கடந்துபோயிருக்கிறது, ஆயிரக்கணக்கில் பாட்டு வந்துவிட்டது, ஆனாலும் குடிசை நிற்கிறது. அது நிற்பதால்தான் அனுமன் சொல்லும் செய்திக்குக் கனம் வருகிறது. அவள் தீண்டப்படவில்லை என்பதற்கு அந்தப் புல்குடிசையே சாட்சி.

கம்பன் தன் மூலத்தை மீறினான். தன் சொல்லை மீறவில்லை. நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

இன்னொரு சாட்சி திருப்பதி மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ராமானுஜர் தம் தாய்மாமன் திருமலை நம்பியிடம் ஓராண்டு காலம் ராமாயணத்தின் உட்பொருள் கேட்டார் என்பது வைணவ மரபு. ஓராண்டு முழுக்கக் கேட்க ஒரு கதையில் பொருள் இருந்ததென்றால், அந்தக் கதையில் ஒவ்வொரு சொல்லும் இன்னொரு சொல்லுக்குப் பொறுப்பாக இருந்ததால்தான். முன்னது பின்னதை அறியாத கதையில் உட்பொருள் தேட இடமில்லை.

3. பாரதக் கூத்து உண்மையில் என்ன செய்கிறது?

தெருக்கூத்தைப் பார்க்காமலேயே அதை ‘எது வேண்டுமானாலும் நடக்கும் களம்’ என்று பேசுகிறார்கள். கூத்தில் திரௌபதி துகிலுரியப்படும் நாளில் கூந்தலை அவிழ்த்துவிட்டுச் சபதம் செய்கிறாள்: துரியோதனன் இரத்தம் பூசும்வரை முடியமாட்டேன். இந்தச் சபதம் கூத்தின் சொத்து. அன்றிலிருந்து படுகளம்வரை அந்தக் கூந்தல் அவிழ்ந்தே கிடக்கிறது. மண்ணில் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் அடித்து, செந்நீர் வழிந்த பிறகுதான் முடிப்பு. இடையில் ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, திரௌபதி வேடம் கட்டியவர் கொண்டை போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தால் ஊர் பொறுக்குமா?

அரவான் கதை இதைவிடத் தெளிவு. வியாச பாரதத்தில் அர்ச்சுனன் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் சாகிறான். தமிழ் மரபில் அவன் போருக்கு முன்பே களப்பலி. இரண்டும் முரண். நம் முன்னோர் என்ன செய்தார்கள்? ‘இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டார்களா? ஒரு வரம் வைத்தார்கள். பலி கொடுத்த பின்னும் உயிர் நின்று போரைப் பார்க்க வேண்டும் என்று அரவான் கேட்கிறான், கண்ணன் கொடுக்கிறான். அந்த ஒரு வரம் இரண்டு கதைகளையும் தைத்துவிட்டது. தைத்த இடத்தில் மிக அழகான காட்சியும் பிறந்தது: தன் உடலைக் கொடுத்தவன் தன் பலியின் பயனைக் கண்ணால் காண்கிறான்.

முரணைக் கண்டதும் கைகழுவாமல், அதையே கதையாக்குவதுதான் இந்த மண்ணின் வழி. மெகட்ரானுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 2007-ல் செத்தான்; 2009-ல் கனசதுரத்தின் துண்டால் உயிர்த்தான், காரணம் சொல்லப்பட்டது, சரி. 2011-ல், நல்லவர்களின் தலைவனும் லாரியாக மாறுபவனுமான ஆப்டிமஸ் பிரைம் கையால் செத்தான். 2014-ல் மனிதர் செய்த ரோபோவுக்குள் அவன் மனம் புகுந்து கால்வட்ரான் ஆனான், அதற்கும் காரணம் உண்டு, சரி. 2017-ல் மறுபடி மெகட்ரானாக, வேறு உடலோடு வந்து நிற்கிறான். எப்படி? ஒரு வசனம்கூட இல்லை. ஒரு வரம் கேட்டால் போதும். அதைக் கொடுக்கக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

4. பொம்மை விற்கத்தானே என்கிறவர்கள் அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா?

வியாபாரம் என்பது எனக்குச் சங்கடமான செய்தி இல்லை. ஹாஸ்ப்ரோவும் எம்.ஆர்.எஃப்-பும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் நிறுவனத்துக்குச் சித்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ராணிப்பேட்டையில் இன்று ஆலை இருக்கிறது. பொம்மை செய்வது நுட்பமான தொழில், கௌரவமான தொழில். அந்தத் தொழிலின் அறத்தைத்தான் கதையிடமும் கேட்கிறேன்.

உருமாறும் பொம்மையின் முழு இன்பமும் ஒரு விதியில் இருக்கிறது: எதுவும் காணாமல் போகக்கூடாது. லாரியின் சக்கரம் மனித உருவில் காலோடு இருக்கும். கண்ணாடி மார்பாக இருக்கும். கழற்றி வீசாமல், புதிதாக ஒட்டாமல், இருப்பதை மட்டும் மடித்துத் திருப்பி இன்னொன்றாக்குவதுதான் அந்தக் கலை. குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்புவது, எல்லாத் துண்டும் அங்கேயே இருக்கின்றன என்ற வியப்பில்தான். கார்ட்டூனில் ஆப்டிமஸ் பிரைம் எழுந்து நின்றதும் அவருடைய பின்வண்டி மாயமாய் மறைந்தபோது, 1984-லேயே பிள்ளைகள் எங்கே போச்சு என்று கேட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பொம்மையில் அது மறையவில்லையே.

2007 படக்குழு இதை நன்றாக அறிந்திருந்தது. லாரியின் பருமனும் ரோபோவின் பருமனும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே, பழைய தட்டை மூக்கு லாரியை விட்டுவிட்டு நீண்ட மூக்குள்ள பீட்டர்பில்ட் 379 வண்டியை எடுத்தார்கள். அத்தனை உயர ரோபோவுக்குப் போதுமான இரும்பு லாரியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இரும்புக்குக் காட்டிய நேர்மையை நிகழ்ச்சிக்கு ஏன் காட்டவில்லை? 2014 படத்தில் மனிதர் செய்த ரோபோக்கள் துகள் துகளாகக் கரைந்து காற்றில் சுழன்று வேறு உருவம் எடுத்தன. மடிப்பும் இல்லை, திருப்பும் இல்லை. கதையில் பொறுப்பு போன பின்பு உருமாற்றத்திலும் போய்விட்டது. இரண்டும் ஒரே நோய்.

5. பலர் எழுதினால் பிசகத்தான் செய்யும் என்பது உண்மையா?

இல்லை. முரண் மிகுந்த அந்த ஐந்து படங்களையும் இயக்கியவர் ஒருவர். முரணைத் தைத்துக் காட்டியவர்களோ, யாரோ எழுதிவிட்டுப் போன கதையை எடுத்துக்கொண்டவர்கள். 1996-ல் கனடாவில் எடுக்கத் தொடங்கிய ‘பீஸ்ட் வார்ஸ்’ தொடரைப் பாப் ஃபார்வர்டும் லாரி டிடிலியோவும் கதைப்பொறுப்பில் இருந்து நடத்தினார்கள். பழைய கார்ட்டூனின் கப்பல் மலைக்குள் உறங்கிக்கிடப்பதைத் தங்கள் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கப்பலில் உறங்கும் ஆப்டிமஸ் பிரைமைச் சுட்டு வரலாற்றையே அழிக்கப் பார்க்கிறான் வில்லன். பழைய கதையை நினைவில் வைத்திருந்ததால்தான் அந்தக் காட்சிக்கு நெஞ்சை அடைக்கும் பலம் வந்தது. அதே தொடரில் டைனோபாட் என்ற ரோபோ செத்தான், செத்தவன் செத்தவன்தான். பின்னால் அவன் சாயலில் செய்யப்பட்டவனைக் கதை அவனாகவே காட்டி ஏமாற்றவில்லை.

எதிர்த்திசையில் ஒரு பாடமும் உண்டு. ஜப்பானில் 2005-ல் ‘கேலக்ஸி ஃபோர்ஸ்’ தனிக்கதையாக எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் குரல்மாற்றி வெளியிட்டபோது, முந்தைய இரண்டு தொடர்களின் தொடர்ச்சி என்று வலிந்து ஒட்டினார்கள். நல்லபடி நின்ற தனிக்கதை, ஒட்டியதால் முரண்மூட்டை ஆனது. தனியாக நிற்பது தவறில்லை; தனியானதைத் தொடர்ச்சி என்று விற்பதுதான் தவறு.

நம் திரையிலும் உதாரணம் இருக்கிறது. 2010-ன் ‘எந்திரன்’ முடிவில் நீதிமன்ற உத்தரவுப்படி சிட்டி என்ற ரோபோ தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறான். 2018-ல் ‘2.0’ வந்தபோது சிட்டி சும்மா நடந்துவரவில்லை. கழற்றிய சிட்டியை மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. பணமும் தொழில்நுட்பமும் ஹாலிவுட்டைவிடக் குறைவாக இருந்த இடத்தில், நினைவு குறையவில்லை.

6. குழந்தைகள் கவனிக்கமாட்டார்கள் என்று யார் சொன்னது?

குழந்தைகளைப் பற்றி இதைவிட அறியாத பேச்சு வேறில்லை. 1986-ல் வெளியான திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைமைச் சாகடித்தார்கள். பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றை விற்க வேண்டும் என்ற கணக்கு. அரங்கில் பிள்ளைகள் அழுதார்கள். அந்த அழுகையைப் பார்த்துவிட்டு, ஹாஸ்ப்ரோவின் இன்னொரு படமான ‘ஜி.ஐ. ஜோ’வில் சாகவிருந்த நாயகனை மயக்கத்தோடு பிழைக்கவைத்தார்கள். 1987-ல் ஆப்டிமஸை உயிர்ப்பித்தபோது அதற்கென்றே இரண்டு பகுதிக் கதை எழுதினார்கள். பிள்ளைகளிடம் காரணம் சொல்லாமல் தப்ப முடியாது என்று அன்று புரிந்திருந்தது.

ஒரு நவராத்திரியில் திருப்பதியில் உறவினர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். மேல்படியில் செம்மரத்து மரப்பாச்சி ஜோடி, கீழ்ப்படி ஓரத்தில் அந்த வீட்டுப் பையன் வைத்த மெகட்ரான். தமிழில் குரல்மாற்றிய படங்களை வரிசையாகப் பார்த்தவன். “மாமா, இவன் செத்துட்டான் இல்ல? அப்புறம் எப்பிடி வந்தான்?” என்று கேட்டான். “பொம்மைக்குப் போய் என்னடா கேள்வி” என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். அதே பெரியவர் சற்று முன்தான், யாரோ வராகத்துக்கு முன்னால் நரசிம்மத்தை வைத்துவிட்டதைப் பார்த்து, தசாவதார வரிசையைத் திருத்தி வைத்திருந்தார். பொம்மைக்கு வரிசை உண்டு என்று அவருக்குத் தெரியும். பையன் கேட்டதும் அதையேதான். அவனுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. பதில் படத்தில் இல்லை.

7. தொடர்ச்சி கேட்டால் கற்பனை முடங்கிவிடுமா?

இந்த அச்சத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ஆண்டுக்கணக்கையும் பெயர்ப்பட்டியலையும் வைத்துக்கொண்டு, புதிதாக எழுதுபவனை மிரட்டும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது காவல், ரசனை இல்லை. ஆனால் ஒரு பண்டிதன் தொல்லை கொடுக்கிறான் என்பதற்காக இலக்கணமே வேண்டாம் என்பது தீர்வாகுமா? எதுகையும் சீரும் இருந்ததால் கம்பனுக்குக் கற்பனை குறைந்ததா? கட்டு இருந்ததால்தான் அரவானுக்கு வரம் பிறந்தது. எதுவும் எப்போதும் மாறலாம் என்றால் எழுதுபவனுக்குச் சிக்கலே வராது. சிக்கல் வராத இடத்தில் புதிதாக எதுவும் முளைக்காது.

கேட்பது மூன்றே மூன்று. புதிய கதை என்றால் புதிது என்று சொல்லித் தொடங்கு. பழையதன் தொடர்ச்சி என்றால் பழையதை நினைவில் வை. மாற்ற வேண்டி வந்தால் ஒரு காரணம் கொடு, அது ஒரே ஒரு வசனமாக இருந்தாலும் போதும். ஹாஸ்ப்ரோவுக்கு இது செலவில்லாத காரியம்.

இதனால் என்ன குடிமுழுகிப்போகும் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சாவு எப்போது வேண்டுமானாலும் திரும்பும், சபதம் எப்போது வேண்டுமானாலும் மறக்கப்படும் என்று பழகிய பிள்ளைக்கு அடுத்த கதையில் சாவும் வலிக்காது, சபதமும் சிலிர்க்காது. சித்தூர்ச் சீமையின் படுகளத்தில் வெயில் ஏறும் நேரத்தில், பசியோடு, தூக்கம் கெட்டு, ஒரு ஊரே நின்று காத்திருக்கிறது. கதை எப்படி முடியும் என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தக் கூந்தல் முடியப்படும்போது பெண்கள் குலவையிடுகிறார்கள், கிழவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். இடைப்பட்ட இரவுகளில் ஒருமுறைகூட அந்தக் கூந்தல் முடியப்படவில்லை, அதனால்தான்.